அம்மாவின் காதுக்கு எட்டியது

786

தாராபுரம்,
22-2-1935

அன்புள்ள அக்காவுக்குக் கோமளா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்தையும் அம்மாவின் சுகத்தையும் அண்ணன் வீட்டாரின் சுகத்தையும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன்.

காரமடையிலிருந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் கை ஓடவில்லை. நான் கலிமா சொல்லி இவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் வீட்டு வாசல் எனக்கு அடைத்துப்போயிற்று. அம்மாவின் முகத்தை இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்றிருந்தேன். ரங்கநாதர் தேருக்குப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லி அம்மாவை ரயிலேற்றிவிட்டீர்களே, எந்தச் சாமியையும் நம்பாத நீங்கள் தேரைச் சாக்கு வைத்ததை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

காரமடை ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை உங்களுக்கும் கேட்டிருக்கும். "ஏங்கண்ணு, இப்பிடிக் கறுத்துப் போயிட்டயே, தாராபுரத்துல நெழலே கெடையாதா?" பிறகு இவரைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க மாப்பிள்ளை, எம்பொண்ணையும் பொகையிலையாட்டம் வெயில்ல காயப்போட்டுட்டீங்களா?" என்றாள். புகையிலை மண்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். நம் வீட்டார் யாரும் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

நீங்கள் பேப்பரை விரித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டீர்கள். எங்களைத் தனியே விடத்தான் என்று தெரியும். அப்போதுதான் அக்கா, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படைத்தவன் ஒருவன்தான், அவனுக்குத் தாய் தகப்பனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றேன். அவன் ஏவலைச் செய்யும் மலக்குகளைப் பற்றியும், அவன் இறக்கிய வேதங்களைப் பற்றியும், ஒவ்வொரு சனத்துக்கும் அவன் அனுப்பிய தூதர்களைப் பற்றியும் சொன்னேன். மண்ணுக்குள் போனதும் இரண்டு மலக்குகள் வந்து, உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள் என்றேன். ஒருநாள் எல்லாரும் எழுப்பப்படுவோம், செய்ததெல்லாம் தராசில் நிற்கும், நல்லதும் கெட்டதும் அவன் விதித்தபடிதான் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தான் சுட்ட கச்சாயத்தை எடுத்து என் வாயில் வைத்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா. அதுவே எனக்குப் போதும். இனி அவன் பாடு.

உங்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் இல்லை, நாமமும் இல்லை, ஒன்றுமே இல்லை. அதற்கு யார் காவல்? தபாலாபீசா?

உங்கள் அன்புத் தங்கை,
கோமளா


கோயம்புத்தூர்,
4-3-1935

என் அன்புக் கோமளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபாலாபீசு இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. ஆகவே வேறு காவல் தேடவில்லை.

உன் கடிதத் தலையில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக நீ போடும் 786 என்ற எண்ணை வரதராஜுலு அண்ணன் பார்த்துவிட்டார். "என்ன அம்மிணி, தாராபுரத்துல டெலிபோன் வெச்சுட்டாங்களா? நெம்பர் எல்லாம் போட்டிருக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கடிதத்தைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். உன்னை வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்தது நான், தாராபுரத்துப் பள்ளிக்கு அனுப்பியதும் நான், ஆகவே எல்லாவற்றுக்கும் மூலம் நான் என்பது அவர் கட்சி. அவர் மில்லில் ஏதாவது மிஷின் நின்றாலும் என்னைத்தான் பார்க்கிறார்.

நீ எழுதியதைப் படித்தேன். மண்ணுக்குள் நடக்கும் அந்தப் பரீட்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என்ற முறையில் வருஷந்தோறும் கேள்வித்தாள் தயாரிக்கிறவள் நான். கேள்வியையும் விடையையும் முன்கூட்டியே ஊரறிய வெளியிட்டுவிட்டு நடத்தும் பரீட்சையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதிலும் ஆட்கள் தவறுவார்கள் என்றால், அது எப்படி? கேலி செய்வதாக எண்ணாதே. உண்மையாகவே கேட்கிறேன்.

அம்மா சௌக்கியம். உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாள். ரங்கநாயகி அண்ணி, "காரமடைத் தண்ணி அத்தைக்கு ஒத்துக்கிச்சுங்க" என்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
ராமாமணி


786

தாராபுரம்,
20-3-1935

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதை அப்படியே இவரிடம் சொன்னேன். இவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனார். ஹஜ்ரத் பெரியவர், அரபு மதரஸாவில் ஓதிவந்தவர், கோபமே வராது. "கேட்டது டீச்சரம்மாதானே? நல்ல கேள்வி" என்றாராம். அங்கே மனப்பாடம் செல்லாதாம். எதை நம்பி ஒருவர் வாழ்ந்தாரோ அதுதான் நாக்கில் வருமாம். விடை தெரிந்தவரெல்லாம்கூடப் பயத்தில் "ஐயோ, தெரியலையே" என்பார்களாம். உங்கள் பள்ளியிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டல்லவா?

எனக்கு இதெல்லாம் கதையல்ல, அக்கா. நம் நைனாவும் அம்மாவும் எனக்குச் சின்னதிலேயே கல்யாணம் செய்து, அவனும் போய், பின்கட்டில் நான் ஒரு மூலையாகக் கிடந்த வருஷங்களில் எல்லாரும் "உன் தலையெழுத்து" என்றார்கள். அந்த எழுத்தை எழுதினவன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், ஒருநாள் எழுப்பி என்னையும் ஒரு ஆளாக நிறுத்திக் கேட்பான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. உங்களுக்குப் படிப்பு அதைக் கொடுத்தது. எனக்கு இது.

அம்மாவை ஐப்பசியில் இன்னொரு தடவை காரமடைக்குக் கூட்டிவர ஏதாவது சாக்குக் கண்டுபிடியுங்கள்.

உங்கள் தங்கை,
கோமளா


கோயம்புத்தூர்,
8-7-1935

கோமளாவுக்கு,

பதறாமல் படி. நேற்றுக் காலை அம்மா பூப்பறிக்கப் போனவள் செடி அருகிலேயே விழுந்துவிட்டாள். பாரிசவாயு என்கிறார் டாக்டர். வலது கை, கால் அசையவில்லை. பேச்சு நின்றுவிட்டது. கண் திறந்திருக்கிறது. ஆட்களைத் தெரிகிறதா, சொல்வது புரிகிறதா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

உன்னை வரச்சொல்லி எழுதப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கத்த வந்திருக்கும். கைகளைப் பிசைந்துகொண்டு, "ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறது உனக்குத் தெரியாதா? சம்பந்தி வூட்டாரு தெனம் வந்துபோய்ட்டு இருக்கறாங்க. இப்பக் கோமளா வந்து நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க? கல்யாணம் முடியட்டும் அம்மிணி, நானே போய்க் கூட்டியாறேன்" என்றார். அம்மா அதுவரை இருக்கவேண்டுமே என்றேன். "அது என் கையிலயா இருக்குது?" என்று அழுதுவிட்டார்.

வீடு அவருடையது. என் சம்பளத்தில் அம்மாவைத் தனியே வைத்துப் பார்க்க முடியும், ஆனால் இந்த நிலையில் அவளைக் கட்டிலைவிட்டுத் தூக்க டாக்டர் விடவில்லை. நான் என்ன செய்யட்டும்? நீ வந்து வாசலில் நின்றால் உன்னோடு நானும் நிற்பேன். அதற்குமேல் எனக்குத் தோன்றவில்லை.

ராமாமணி


786

தாராபுரம்,
11-7-1935

அக்கா,

வருகிறேன் என்று புறப்பட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட்டேன். வாசலில் நின்று கூச்சல் எழுந்தால் அது அம்மாவின் காதில்தான் விழும். அந்தப் பெண்ணின் கல்யாணமும் என்னால் நின்றதாக வேண்டாம். நான் தூக்கிக் கொஞ்சின குழந்தை அவள்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மறுக்காமல் முழுவதும் படியுங்கள்.

எங்களில் ஒருவர் மௌத்துக்கு நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் மெல்லக் கலிமாவைச் சொல்வார்கள். கட்டாயப்படுத்தமாட்டார்கள், திரும்பச் சொல் என்றும் கேட்கமாட்டார்கள். காதில் விழும்படி சொல்வதோடு சரி. உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை வாசல் திறந்திருக்கிறது. நாக்கு ஓடாதவர் மனத்தில் ஏற்றாலும் போதும், மனத்தைப் பார்க்கிறவன் அவன் என்று ஹஜ்ரத் சொல்கிறார். அம்மாவின் பக்கத்தில் இருக்கிறவர் நீங்கள்தான். இறைவன் ஒருவன்தான், முஹம்மது அவனுடைய தூதர் என்று ஒரே ஒரு தடவை, தமிழிலேயே, அம்மாவின் காதருகில் சொல்லுங்கள். கோமளா சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதனால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. வெறும் சொல்தானே, அக்கா? எனக்கோ இது அம்மாவின் முடிவில்லாத காலம்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கோமளா


கோயம்புத்தூர்,
22-7-1935

அன்புக் கோமளாவுக்கு,

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை காலை போய்விட்டாள். வலி இருந்ததாகத் தெரியவில்லை. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு சமயத்தில் அடுத்தது வரவில்லை. அவ்வளவுதான்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து என் ரவிக்கைக்குள்ளேயே இருந்தது. இரண்டுமுறை அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவள் கண் என்னையே பார்த்தது. வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத, தலையைத் திருப்பக்கூட முடியாத ஒருத்தியின் காதில் ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. நீ வெறும் சொல் என்று எழுதினாய். உனக்கு அது வெறும் சொல் இல்லை என்பதால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணன் துளசித் தண்ணீரை விட்டு நாராயணா என்றார். அது அவள் வாயால் தினமும் சொன்ன பெயர் என்பதால் நான் குறுக்கே நிற்கவில்லை. என் பங்குக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சுப் போன பிறகு அம்மாவோடு யாருமே பேசவில்லை, எல்லாரும் அவளைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதுதான் எனக்கு இப்போது பெரிதாக இருக்கிறது.

அண்ணன் உன்னைப் பற்றிக் கேட்டார். "கோமளாவுக்குத் தந்தி போச்சா?" என்று என்னிடம் கேட்காமல் அண்ணியிடம் கேட்டார்.

என்மேல் கோபமாக இரு. ஆனால் எழுது.

ராமாமணி


786

தாராபுரம்,
19-8-1935

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது, போய்விட்டது. உங்களால் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டேன். செய்ததாக நீங்கள் பொய்யாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அதனால்தான் இப்போது இன்னொன்றைக் கேட்க எனக்குத் துணிவு வருகிறது.

இங்கே அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது கையை ஏந்த நினைத்து, பிறகு ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்கள். ஈமான் இல்லாமல், அவனை நம்பாமலே போனவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை, பெற்ற தாயானாலும். இப்ராஹீம் நபியே தம் தகப்பனுக்காகக் கேட்டுவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. ஐந்து வேளையும் கையை ஏந்துகிறேன். எனக்காக, இவருக்காக, உயிரோடிருக்கும் உங்களுக்காக, அண்ணனுக்காக எல்லாம் கேட்கிறேன். அம்மாவின் பெயர் நாக்கில் வந்து நின்றுவிடுகிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

நான் சோறு இறங்காமல் கிடந்ததைப் பார்த்து இவர் ஹஜ்ரத்தை வீட்டுக்கே கூட்டிவந்தார். திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து அவர் வெகுநேரம் பேசினார். தூதரை அனுப்பாமல் நாம் யாரையும் தண்டிப்பதில்லை என்று அல்லாஹ் சொல்லியிருக்கிறானாம். இந்தச் செய்தி எட்டாமலே போனவர்கள், எட்டியும் சரியாக எட்டாதவர்கள், இவர்கள் விஷயத்தில் அவன் ரஹ்மத்தை, அவனுடைய கருணையை, நம்பலாம் என்று பெரிய இமாம்கள் எழுதியிருக்கிறார்களாம். "உங்க அம்மா கோயமுத்தூர்ப் பக்கத்து மனுஷி, வயசானவங்க. அவங்களுக்கு யாரும்மா எடுத்துச் சொல்லியிருப்பாங்க? மனசைத் தேத்திக்கங்க" என்றார்.

அக்கா, யார் எடுத்துச் சொன்னார்கள்? நான்தானே சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டு கச்சாயத்தைத் தின்றுவிட்டு வந்திருந்தால், அம்மாவுக்குச் செய்தி எட்டவில்லை என்று இன்று நிம்மதியாக இருப்பேன். ஆசையாசையாக ஒவ்வொன்றாகச் சொன்னேனே. அம்மாவுக்கு இருந்த ஒரு வழியை நானே அடைத்துவிட்டேனா? ஹஜ்ரத்திடம் இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இவரிடமும் சொல்லவில்லை.

காரமடை ஸ்டேஷனில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்த அந்தப் பெஞ்சையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு காது மந்தம், எந்தக் காது என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. தேருக்கு வந்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அம்மா தலையை ஆட்டினாள், ஆனால் கேட்டுத்தான் ஆட்டினாளா? அன்று நீங்கள்தான் அவளோடு ரயிலில் திரும்பிப் போனீர்கள். வழியில் ஏதாவது சொன்னாளா? நான் பேசியது அவளுக்குக் கேட்டதா, புரிந்ததா? உலகத்தில் இதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன்.

உங்கள் தங்கை,
கோமளா


கோயம்புத்தூர்,
25-8-1935

அன்புக் கோமளாவுக்கு,

உனக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். அம்மாவுக்குக் கேட்டது.

மேட்டுப்பாளையம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள். "கோமளா சொன்னது அத்தனையும் கேட்டேன் அம்மிணி. எல்லாருக்கும் ஒரே சாமிங்கறா. செத்தவங்களை எழுப்பி நாயம் கேப்பாங்களாம். அதும் நல்லாத்தான் இருக்குது. யாராச்சும் கேக்கத்தானே வேணும்? ஆனா உங்க நைனா இதொண்ணும் தெரியாமயே போயிட்டாரே. அவரு ஒரு பக்கம் நிக்க, நான் ஒரு பக்கம் போய் நிக்கறதா? இத்தனை வருசம் ஒருத்தரை ஒருத்தரு விட்டுப்போட்டு ஒரு கண்ணாலத்துக்குப் போனதில்லை. அவரு எங்கிருக்கறாரோ அங்கயே என்னையும் வெக்கட்டும். நெருப்பா இருந்தாலும் சரி." இதை ஏன் அங்கேயே உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "கொழந்தை அத்தனை ஆசையாச் சொல்லறா. மூஞ்சி வாடிப்போயிரும். நீயும் சொல்லிப்போடாதே" என்றாள்.

அவள் யோசித்துத்தான் சொன்னாள், கோமளா. நீ சொன்னதை மதித்துத்தான்

(அனுப்பவில்லை. ரா.)


கோயம்புத்தூர்,
26-8-1935

அன்புக் கோமளாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இத்தனை வேதனையை ஒரு மாதமாக நீ ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தாயா? முன்பே கேட்டிருக்கலாம்.

நீ நினைப்பதுபோல் ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கேட்கவில்லை. மந்தமாக இருந்தது வலது காது, நீ அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாய். ரயில் புறப்பட்டதும் அவள் என்னிடம் கேட்டதே அதுதான். "கோமளா ரொம்ப நேரம் என்னமோ சொல்லிட்டே இருந்தாளே, மாமியாக்காரி கூடச் சண்டையா? ஒண்ணும் கேக்கலை அம்மிணி, அந்த எஞ்சின் புசுபுசுன்னுட்டே இருந்துது. மறுக்கா மறுக்கா என்னன்னு கேட்டா மனசு சங்கடப்படுவாளேன்னு தலையத் தலைய ஆட்டி வெச்சேன்" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே நீ எதையும் அடைக்கவில்லை. ஹஜ்ரத் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடு, தூங்கு.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கவில்லை, வியாழக்கிழமை நடக்கிறது. அண்ணன் உனக்கென்று ஒரு சேலை எடுத்து என் பெட்டியில் வைத்திருக்கிறார். தான் வைத்ததாகச் சொல்ல வேண்டாமாம்.

ராமாமணி


786

தாராபுரம்,
10-9-1935

அன்புள்ள அக்காவுக்கு,

சேலை பார்சலில் வந்து சேர்ந்தது. அண்ணனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மாம்பழக் கலர். எனக்குச் சின்னதில் பிடித்த கலர் என்று நினைவு வைத்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுதேன், பிறகு சிரித்தேன். எஞ்சின் புசுபுசு என்றதாம்! அம்மா அப்படித்தான் சொல்லுவாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இவரும், "மாமியாருக்குக் காது கேக்காததுக்கு இத்தனை சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பாத்ததில்லை" என்று கேலி செய்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆனால் மறுநாள் இன்னொரு தடவை படித்தேன். என் மாமியார் போன வருஷமே மௌத்தாகிவிட்டாரே, அக்கா. அம்மா கேள்விப்பட்டு, துக்கம் விசாரித்து ஒரு கார்டு போடச் சொன்னாளே. அந்தக் கார்டை எழுதியது நீங்கள்தான். வயதானவள் மறந்திருப்பாள். மறக்கக் கூடியதுதான். நீங்கள் மறக்கமாட்டீர்களே என்பதுதான் என்னைக் குடைகிறது. எனக்காக இதை எழுதினீர்களா? உங்கள் ஆயுளில் நீங்கள் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அம்மா போன பிறகு நாம் யாருமே முன்போல இல்லை.

மறுபடியும் அதையே கேட்டால் நீங்கள் மறுபடியும் அதையேதான் எழுதுவீர்கள். அதனால் வேறொன்று கேட்கிறேன். மறைத்துக் கேட்கவில்லை, எதற்குக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு காலமாக உங்களுக்கும் எல்லாவற்றையும் எழுதிவந்திருக்கிறேன். அம்மாவுக்குச் சொன்னதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் காதும் கண்ணும் நன்றாக இருக்கின்றன. உங்களைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீங்களும் படிக்காமல் தாண்டியிருந்தால் நன்றாயிருக்குமே என்றுகூட ஒரு நேரம் தோன்றுகிறது. யா அல்லாஹ், இது என்ன நினைப்பு.

அக்கா, அந்த வரிகளையெல்லாம் நீங்கள் உண்மையில் படித்தீர்களா? உங்களுக்குப் புரிந்ததா? இல்லை, பள்ளிக்கூட வேலைக்கு நடுவில் மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு வைத்துவிட்டீர்களா? எனக்கு எந்தப் பதில் ஆறுதல் தரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறுதலுக்காக எழுதினீர்களானால், அம்மாவைப் பற்றி எழுதியதும் ஆறுதல்தான் என்று தெரிந்துகொள்வேன். உங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினீர்களானால், அம்மாவைப் பற்றி எழுதியதையும் அப்படியே எடுத்துக்கொண்டு, இனி உயிருள்ளவரை இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தங்கை,
கோமளா


கோயம்புத்தூர்,
17-9-1935

அன்புக் கோமளாவுக்கு,

அந்தக் கார்டை எழுதியது நான்தான். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஆனால் கடைசி வருஷத்தில் அம்மாவுக்கு உயிரோடிருக்கிறவர்கள் யார், போனவர்கள் யார் என்பது அடிக்கடி தடுமாறும். நைனாவுக்கு இலை போடவில்லையா என்று அண்ணியை ஒருநாள் கேட்டிருக்கிறாள். அன்று ரயிலில் உன் மாமியார் இறந்துவிட்டதை நான் எடுத்துச் சொல்லித் திருத்தவில்லை. சொன்னால் புதிதாகக் கேட்டதுபோல மறுபடி அழுவாள் என்று விட்டுவிட்டேன். உனக்கு எழுதும்போது அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் கடிதங்கள் எதையும் நான் மேலெழுந்தவாரியாகப் பார்த்ததில்லை. வந்த அன்று ஒருமுறை படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லாதபோது மறுபடியும் எடுத்துப் படிப்பேன். சந்தேகம் வந்த இடத்தில் இங்கே கோட்டைமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு உர்து முன்ஷியைக் கேட்டும் தெளிந்துகொண்டேன். ஒருவன்தான் என்பது, மலக்குகள், வேதங்கள், தூதர்கள், எழுப்பப்படும் நாள், தராசு, விதி எல்லாம் எனக்குப் புரிந்தன. கேட்டு ஒதுக்குகிறவர்களுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் புரிந்தது. நான் அதை ஏற்கவில்லை. நாளைக்கு ஏற்பேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஐந்து வேளையும் என் பெயர் இருக்கும். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. உன் வீட்டுக்காரர் கரீம் அவர்களுக்கு என் மரியாதையைச் சொல்.

எனக்கு எட்டவில்லை என்று ஒருநாளும் எண்ணாதே. நீ நன்றாகத் தெளிவாகத்தான் எழுதியிருந்தாய்.

உன் அக்கா,
ராமாமணி